ஆபீஸ் தரைக்குள் குழி எப்படி வந்தது?



சென்ற மாதம் நமது டிரஸ்ட்டில் மருத்துவ உதவி கேட்டு ஒரு தாயார் வந்தார். அவருடைய மகன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கேபிள் இழுக்கும் வேலைக்குப் போனவர். கேபிள் சுருளுடன் பின்னோக்கி நடந்தபோது, உடன் வேலை செய்தவர் திறந்து வைத்திருந்த தரைக் குழியில் கால் இறங்கி, கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. “பெரிய ஆபீசுக்குள்ள குழி எப்படிங்க வந்துச்சு?” என்று அந்தத் தாயார் கேட்டார். நம் பிள்ளைகள் பலர் எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், ஹவுஸ்கீப்பிங் வேலைகளுக்கு இத்தகைய கட்டடங்களுக்குச் செல்வதால், அதற்கான பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

கூரைக்குக் கீழே அமைக்கும் ஃபால்ஸ் சீலிங் நமக்குத் தெரியும். அதுபோலத் தரைக்கு மேலே அமைப்பது ஃபால்ஸ் ஃப்ளோர். ரைஸ்டு ஃப்ளோர் என்றும் சொல்வார்கள். கான்கிரீட் தளத்தில் பெடஸ்டல் என்னும் இரும்புக் கால்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் சுமார் இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள பலகைகளை அடுக்குகிறார்கள். பெரும்பாலும் இவை உள்ளே சிமெண்ட் கலவை நிரப்பிய இரும்புப் பலகைகள். கால்களின் உயரத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்.

அடியில் உள்ள வெற்றிடத்தில் மின்கம்பி, நெட்வொர்க் கேபிள், சில இடங்களில் தண்ணீர்க் குழாயும் ஓடும். கம்ப்யூட்டர் சர்வர்கள் உள்ள அறைகளில் ஏசியின் குளிர்காற்றும் அதன் வழியாகவே வந்து, துளையிட்ட பலகைகள் வழியே மேலே ஏறும். ஹாங்காங்கில் 1985-ல் முடிக்கப்பட்ட எச்.எஸ்.பி.சி. தலைமையகம் இந்த முறைக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். மேசையை இடம் மாற்றினால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பலகையைத் தூக்கி கம்பியை மாற்றினால் போதும்.

ஆக, அங்கே நாம் நடப்பது தரை அல்ல, மூடியின் மேல். அலுவலகங்களில் ஆழம் அரையடி, ஒரு அடி இருக்கும். சர்வர் அறைகளில் இரண்டு அடிக்கு மேலும் இருக்கும். எனவே அங்கு வேலை செய்வோர் கவனிக்க வேண்டியவை:

1. பலகையைத் திறந்தால் சுற்றிலும் தடுப்பு வையுங்கள். ஐந்து நிமிட வேலையானாலும் அப்படியே விட்டு நகராதீர்கள்.

2. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், விரல் நசுங்கும். கண்ணாடி தூக்குவது போன்ற சக்ஷன் லிஃப்டர் உண்டு. கார்பெட் ஒட்டிய பலகைக்கு அது பிடிக்காது. பற்கள் உள்ள லிஃப்டர் கேளுங்கள். ஒரு பலகையே 15 கிலோ வரை இருக்கும்.

3. வரிசையாகப் பல பலகைகளை எடுக்காதீர்கள். கால்களை ஆடாமல் பிடித்திருப்பதில் பலகைகளுக்கும் பங்கு உண்டு. வரிசை முழுவதையும் எடுத்தால் பக்கத்துப் பலகையும் சரியக்கூடும்.

4. கனமான இயந்திரத்தை டிராலியில் தள்ளும் முன், தரை தாங்குமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வழியில் பிளைவுட் விரிப்பது வழக்கம்.

5. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். இடுக்கு வழியே இறங்கினால் அடியில் மின்சாரம் இருக்கிறது. நன்கு பிழிந்த மாப் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலைக்குச் சேரும்போது சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். இ.எஸ்.ஐ. பதிவு உண்டா, பாதுகாப்பு ஷூ தருகிறார்களா என்றும் கேளுங்கள். மேலே சொன்ன மகனுக்கு இ.எஸ்.ஐ. பதிவு செய்யப்படவில்லை. அதனால்தான் அந்தத் தாயார் நம்மிடம் வர வேண்டியதாயிற்று.

மாவுக்கட்டுப் பிரித்து இப்போது அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். விரைவில் பூரண குணமடைந்து வேலைக்குத் திரும்புவார், இன்ஷா அல்லாஹ். இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள்.