இடங்காட்டும் கருவி

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சென்றிருப்பீர்கள். அதன் வாற்பகுதியை ஒட்டி, பயணிகளின் கண்ணில் படாமல் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதுவே அவசரகால இடங்காட்டி.

விமானம் தரையில் மோதினால், அதிர்ச்சியை உணர்ந்து இக்கருவி தானே இயங்கும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை தன் அடையாளக் குறியீட்டை அனுப்பும். செயற்கைக்கோள்கள் அதனைப் பெற்றுத் தரைநிலையங்களுக்குத் தெரிவிக்கும். பெங்களூரிலும் இலக்னோவிலும் இஸ்ரோவின் தரைநிலையங்கள் உள்ளன. செய்தி கிடைத்ததும் மீட்புக்குழுவினர் விரைவர்.

விபத்தில் வாற்பகுதி பெரும்பாலும் குறைவாகவே சிதையும். ஆதலால் கருவியை அங்கே பொருத்துவர். பெட்டியின் மேலுள்ள அம்புக்குறி, விமானம் செல்லும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். திசை மாறினால் மோதலை உணராமல் போகலாம். கருவியையும் விமானத்தின் மேற்புற ஆன்டெனாவையும் இணைக்கும் கம்பி அறுந்தால், குறிப்பொலி வெளியே செல்லாது. மின்கலத்தையும் உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் அலைகள் ஆழ்கடல் நீரைக் கடந்து வாரா. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட விமானப்படை விமானம் வங்கக்கடலின்மேல் மறைந்தது. அதனுடையவை எனக் கருதப்படும் சிதைவுகள், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதாக 2024 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. இருப்பிடம் அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதை, அக்குடும்பத்தார் காத்திருந்த ஏழரை ஆண்டுகள் உணர்த்தும்.

சிந்திக்க: அம்புக்குறியின் திசையைச் சரிபார்ப்பவரது பணி ஏன் உயிர்காக்கும் பணியாகிறது?