பேட்டரியைத் திட்டாதீங்க!

ராத்திரி ஒண்ணரை மணி. அரியமான் கடற்கரை. எங்கள் வேனுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாக... இன்னும் மெதுவாக... நின்றேவிட்டது. அடுத்த நிமிஷம் உச்சிப்புளி வட்டாரத்துக் கொசுக்கள் அத்தனையும் எங்களை நலம் விசாரிக்க வந்துவிட்டன.

மதுரையில் ஒரே ஆபீஸில் குப்பை கொட்டும் நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய பழைய வேன் அது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை, ஃபேன், லைட், செல்போன் சார்ஜர் எல்லாம் வைத்து, அதற்கென்றே ரெண்டாவதாக ஒரு பேட்டரியும் மாட்டியிருந்தோம். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறும். படுக்கும்போது ஃபேன் சுற்றும். திட்டம் பிரமாதம்! ஆனால் மூணு மணி நேரம் ஓட்டினாலும் ஃபேன் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

"பேட்டரி செத்துப்போச்சு சார்" என்றார் ஊரில் ஒரு கடைக்காரர். புதுசு வாங்கினோம். அதுவும் மூணே மாசத்தில் படுத்துக்கொண்டது. 'திருஷ்டி' என்று நண்பன் ஒருவன் எலுமிச்சம்பழம் கட்டினான்.

விடிந்ததும் மண்டபத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போய் நின்றோம். லுங்கி, காதில் பென்சில், கையில் மல்டிமீட்டர்.

"என்ஜினை ஓட விடுங்க தம்பி."

டைனமோவில் மீட்டரை வைத்தார். 14.2 வோல்ட். பின்னால் வந்து பேட்டரியில் வைத்தார். 13.1.

"ஒரு வோல்ட்டுக்கு மேல வழியிலேயே எவனோ தின்னுடுறான். யாருன்னு பாப்போம்!"

12 வோல்ட் ஈய பேட்டரிக்கு வயிறு நிறைய வேண்டுமென்றால் 14 வோல்ட்டை ஒட்டியாவது கொடுக்க வேண்டுமாம். 13.1-ல் ஏதோ கொஞ்சம் ஏறும்; நிறையாது. அரை வயிறாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் விருந்தே வைத்தாலும் சாப்பிடாது. ஆக, புது பேட்டரி தானாகச் சாகவில்லை... பட்டினி போட்டுக் கொன்றது நாங்கள்தான்!

என்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறு முனையை என்ஜின் பாடியிலும் வைத்தார். 0.2-க்குள் இருக்க வேண்டியது, 0.9 காட்டியது.

"மாட்டிக்கிட்டான்!"

என்ஜினை அணைத்துவிட்டு, மைனஸ் வயரை வேன் பாடியோடு முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். பச்சையும் பழுப்புமாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்து அரித்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வைத்த உப்புக்காற்று இது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சிக்காரர்கள் துருவைப் பற்றி ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மாவா? எங்கள் போல்ட் எம்மாத்திரம்!

எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்தார். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையை, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். மறுபடி மீட்டர்: எர்த்தில் 0.1. பேட்டரியில் 13.9!

நாங்களும் செய்யலாமாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் சும்மா விட்டபிறகு 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி.

"ஒரு ஃபேனுக்கு இவ்வளவு கூத்தா அண்ணாச்சி?" என்று சிரித்தான் நண்பன்.

பெரியவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு பேட்டரி படுத்தா கொசு கடிக்கும் தம்பி. எங்காளுகளுக்கு நடுக்கடல்ல படுத்தா செல்ஃப் எடுக்காது, வயர்லெஸ் பேசாது, ஜி.பி.எஸ். காட்டாது. காத்தும் நீரோட்டமும் சேர்ந்து இழுத்துட்டுப் போயி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுரும். அங்க வந்து பிடிக்கிற நேவிக்காரன்கிட்ட 'எர்த் லூஸு'ன்னு சொன்னா விட்டுருவானா?"

1974-லும் 1976-லும் ரெண்டு நாடுகள் பேசிக் கடலில் போட்ட கோடு. ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

அன்று ராத்திரி முழுக்க பேட்டரியைத் தன் சார்ஜரில் போட்டு வைத்தார். பிழைத்துக்கொண்டது. பழைய தெம்பு கொஞ்சம் குறைவுதான். பட்டினி கிடந்த உடம்பாயிற்றே!

வேனில் இப்போது எலுமிச்சம்பழம் இல்லை. அதே ஆணியில் ஒரு மல்டிமீட்டர் தொங்குகிறது.