ஒற்றும் உரையும்

ஒற்றரையும் நூலையும் ஒருங்கே வைத்து, இவ்விரண்டும் அரசனுக்குக் கண்களாம் என்றார் திருவள்ளுவர். ஒற்றாடல் என்னும் அதிகாரத்தின் முதற் குறளே இக்கருத்துடையது. மறைந்து திரிந்து செய்தி கொணர்வானையும், சான்றோர் வகுத்த நூலையும் ஒரே நிரையில் வைத்தது எற்றுக்கு என மாணாக்கர் வினவுவதுண்டு. இரண்டும் பொருள் காணப்பட வேண்டியன என்பது அதற்கு ஒரு விடையாகலாம். நூல் தானாகப் பேசாது. ஒற்றன் கொணர்ந்த செய்தியும் தானாகப் பேசாது. படிப்போன் அதற்கு உரை காணல் வேண்டும். உரை பிழைபட்டால் நூலில் ஒரு செய்யுள் கெடும்; ஒற்றில் ஊர்கள் அழியும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு, இஸ்ரேல் நாட்டுப் படைத்துறைப் புலனாய்வுப் பணியகமாகிய 'அமான்' என்பதன் வரலாற்றினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. அப்பெயர் எபிரேய மொழித் தொடரொன்றின் சுருக்கம். அத்தொடரில் வரும் 'மொடியின்' என்னுஞ் சொல், அறிதல் என்னும் பொருளுடைய வேரினின்றும் பிறந்தது. அறிவையே பெயராகக் கொண்ட அவ்வமைப்பு, எவ்வாறு அறிந்தும் அறியாததாயிற்று என்பதே ஈண்டு நாம் நோக்கவேண்டியது.

தோற்றம்

இஸ்ரேல் அரசு 1948 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆந் திகதி பிரகடனஞ் செய்யப்பட்டது. அதற்கு முன்னரே, யூதரின் மறைவுப் படையாகிய ஹகானாவுக்கு 'ஷாய்' என்னும் ஒற்றர் பிரிவொன்று இருந்தது. 1948 ஜூன் இறுதியில் ஷாய் கலைக்கப்பட்டு, உள்நாட்டுக் காவலுக்கு ஒன்றும் படைத்துறைக்கு ஒன்றுமாகப் புதிய பிரிவுகள் வகுக்கப்பட்டன. வெளிநாட்டு ஒற்றாடலுக்குரிய மொசாட் 1949 டிசெம்பரில் எழுந்தது. படைத்துறைப் பிரிவு 1950 களின் முற்பகுதியில் தனிப் பணியகமாக உயர்ந்தது.

அதன் பிறப்பே ஒரு பிழைத் தீர்ப்போடு நிகழ்ந்தது. 1948 ஜூன் 30 ஆந் திகதி, மெயிர் தொபியான்ஸ்கி என்னும் படை அலுவலர், பகைவர்க்கு உளவு சொன்னார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, அவசரமாகக் கூட்டிய விசாரணையின் பின் அன்றே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாது முறையிட்டார். 1949 இல் அவர் குற்றமற்றவர் என்பது நிறுவப்பட்டது. விசாரணையை நடத்திய இஸ்ஸர் பெயெரி என்பாரே படைத்துறைப் புலனாய்வின் முதல் தலைவர். அவர் பதவி இழந்து, குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, பெயரளவான தண்டனையே பெற்றார். ஐயத்தை உறுதியாகக் கொண்டதன் விலை ஓர் உயிர் என்பதை அப்பணியகம் தன் முதற் பக்கத்திலேயே எழுதிக்கொண்டது.

உறுப்புகள்

அமானின் தலைவர் மேஜர் ஜெனரல் தரத்தினர். படைத் தலைமை அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர். அவரின்கீழ் செவியும் கண்ணும் காலும் மூளையும் எனத்தக்க உறுப்புகள் உள்ளன. வானலையிலும் கம்பியிலும் கணினியிலும் செல்லும் பேச்சைக் கவர்வது 8200 என்னும் எண்ணுடைய அணி. செயற்கைக் கோளும் விமானமும் எடுக்கும் படங்களை ஆராய்வது 9900. மனித ஒற்றரை நடத்துவது 504. பகைப்புலத்துட் புகுந்து செயலாற்ற, 1957 இல் அமைந்த 'சயெரெத் மத்கல்' என்னும் சிறப்பணி உளது. இவையனைத்தும் கொணர்வனவற்றுக்குப் பொருள் காண்பது ஆராய்ச்சிப் பிரிவு.

ஆராய்ச்சிப் பிரிவுக்கு இஸ்ரேலில் தனிச் சிறப்பொன்று வாய்த்தது. பிரித்தானியாவில் பல துறையினரும் கூடி மதிப்பீடு செய்யும் கூட்டுக் குழுவொன்று 1936 முதல் இயங்கி வருகின்றது. இஸ்ரேலிலோ, போர் வருமா வாராதா என்று பிரதமருக்கும் அமைச்சரவைக்கும் உரைக்கும் பொறுப்பு 1973 வரை அமானின் கையிலேயே இருந்தது. மொசாட்டிடம் ஒற்றர் இருந்தனர். அவர் கொணர்ந்ததை ஆராயத்தக்க பிரிவு இருந்திலது. நூல் பலவாயினும் உரையாசிரியர் ஒருவரே என்னும் நிலை அது.

முன்முடிபு

1967 ஜூன் 5 ஆந் திகதி எகிப்தின் போர்விமானங்களிற் பெரும்பாலானவை சில மணி நேரத்துள் நிலத்திலேயே அழிக்கப்பட்டன. எவ்விமானம் எத்தளத்தில் நிற்கும் என்பதைப் புலனாய்வு முன்னரே திரட்டிக் கொடுத்திருந்தது. அவ்வெற்றியால் அமானின் புகழ் வளர்ந்தது. புகழோடு தன்னம்பிக்கையும் அளவிறந்து வளர்ந்தது.

அந்நாளில் அங்கு நிலைபெற்ற கொள்கை வருமாறு: இஸ்ரேலின் உட்பகுதியைத் தாக்கவல்ல நெடுந்தூர விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும்வரை எகிப்து போர் தொடங்காது, எகிப்து தொடங்காதவரை சிரியாவும் தொடங்காது. இதனை அவர்கள் 'கொன்செப்ட்சியா' என்றனர். தமிழில் முன்முடிபு எனலாம். இது வெறுங் கற்பனையன்று. எகிப்தின் உள்ளிருந்தே கிடைத்த நம்பத்தக்க செய்திகளால் அமைந்தது. ஆயின் 1972 ஒக்டோபரில், எகிப்திய அதிபர் சதாத், அவ்வாயுதங்களுக்குக் காத்திராது, எல்லையுட்பட்ட போரொன்றைத் தொடங்குவதென முடிவு செய்தார். மூலம் மாறிவிட்டது; உரை மாறவில்லை.

1973 மே மாதத்திற் போர் அச்சம் எழுந்தது. படைத் தலைமை அதிகாரி டேவிட் எலாசர் ஆயத்தங்கள் செய்வித்தார். அமானின் தலைவர் எலி ஸெய்ரா, போர் நிகழ்வதற்கு வாய்ப்புக் குறைவு என்றார். போர் வரவில்லை. பெரும்பொருள் செலவானதே கண்ட பயன். ஒருமுறை சரியாகச் சொன்னவர் என்னும் பெயர் மறுமுறை அவரை வினவுவோர் வாயை அடைத்தது.

செப்டெம்பர் 25 ஆந் திகதி யோர்தான் மன்னர் ஹுசைன் மறைவாக வந்து, பிரதமர் கோல்டா மெயிரைக் கண்டு எச்சரித்தார். எகிப்தியப் படை கால்வாய்க் கரையிற் குவிந்தது. ஆண்டுதோறும் நிகழும் பயிற்சி எனப்பட்டது. ஒக்டோபர் 1 ஆந் திகதியும் மீண்டும் 3 ஆந் திகதியும், தென்பகுதிக் கட்டளைப் புலனாய்வைச் சேர்ந்த பின்யமின் சிமன் தொவ் என்னும் இளம் லெப்டினன்ட், அப்பயிற்சி போரை மறைக்கும் திரையே எனக் காரணங் காட்டிக் குறிப்பு வரைந்தார். அவர் மேலதிகாரி அதனை மேலே அனுப்பவில்லை. 4 ஆந் திகதி இரவு தொடங்கிச் சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்தினின்றும் சிரியாவினின்றும் விரைந்து வெளியேற்றப்பட்டன. 5 ஆந் திகதியும் 'வாய்ப்புக் குறைவு' என்னும் மதிப்பீடே நின்றது. அன்றிரவு மொசாட் தலைவர் இலண்டனில் எகிப்திய ஒற்றரொருவரைக் கண்டு, மறுநாள் மாலையிற் போர் மூளும் என்று அறிந்து செய்தி அனுப்பினார். 6 ஆந் திகதி, யூதரின் நோன்புத் திருநாளன்று, பிற்பகல் இரண்டு மணிக்கே போர் மூண்டது. இஸ்ரேலியர் 2,500 பேருக்கு மேல் மாண்டனர். எகிப்தியரும் சிரியரும் அவரினும் பலராய் மாண்டனர்.

செய்தி கிடைக்காமையால் நேர்ந்த கேடு அன்று இது. கிடைத்த செய்தி ஒவ்வொன்றையும், முன்னரே கொண்ட பொருளுக்கு இயைய வளைத்ததனால் நேர்ந்தது. பாடத்தைத் தன் கருத்துக்கேற்பத் திருத்தும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். அவர் பொய்யர் அல்லர். தாம் மெய்யைக் காப்பதாகவே எண்ணுகின்றவர்.

மறுதலை

உயர்நீதிமன்றத் தலைவர் ஷிமோன் அக்ரநாத் தலைமையில் விசாரணைக் குழுவொன்று அமர்ந்தது. முன்னாட் படைத் தலைவரும், சாக்கடற் சுவடிகளை ஆராய்ந்த தொல்பொருளறிஞருமாகிய யிகயெல் யாதின் அதன் உறுப்பினருள் ஒருவர். 1974 ஏப்ரலில் வெளியான இடைக்கால அறிக்கையின் பயனாக, ஸெய்ராவும் எலாசரும் பதவி நீங்கினர். அம்மாதமே கோல்டா மெயிரும் பதவி விலகலை அறிவித்தார்.

மதிப்பீடு ஒரு கையில் அடங்கலாகாது என்று குழு அறிவுறுத்தியது. மொசாட்டில் ஆராய்ச்சிப் பிரிவு எழுந்தது. வெளிநாட்டமைச்சின் ஆராய்ச்சி வலுப்பெற்றது. அமானுக்குள்ளேயே, முடிந்த முடிபு எதுவாயினும் அதற்கு எதிர்வழக்கு உரைப்பதையே தொழிலாகக் கொண்ட சிற்றணி அமைந்தது. தல்மூதிலே, வாதத்தைத் திருப்புமிடத்து வரும் அரமேய மொழித் தொடரொன்றை அதற்குப் பெயராக வழங்கினர்; மறுதலையே பொருந்தும் என்பது அதன் கருத்து. இளையோரும் தம் மாறுபட்ட கருத்தை மேலோர்க்கு நேரே எழுதலாம் என விதிக்கப்பட்டது.

இது தமிழ் மாணாக்கருக்குப் புதிதன்று. நம் உரையாசிரியர், தாம் சொல்லும் பொருளுக்குத் தாமே தடை எழுப்பி, பின்னர் விடை கூறும் முறையினர். தடையில்லாத உரையை அவர் உரையெனக் கொள்ளார்.

ஐம்பதாண்டுகளின் பின்

இவ்வளவு அமைத்த பின்னரும், 2023 ஒக்டோபர் 7 ஆந் திகதி ஹமாஸ் இயக்கம் எல்லையை உடைத்துப் புகுந்தது. சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பணயமாகக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர்ந்து மூண்ட போரில் காஸாவில் பல்லாயிரவர் மாண்டனர். அவருட் குழந்தைகள் மிகப் பலர்.

தாக்குதலின் திட்டம் ஓராண்டுக்கு முன்னரே புலனாய்வின் கைக்கு எட்டியிருந்தது. 'எரிகோ மதில்' என அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். 8200 ஐச் சேர்ந்த பெண் ஆய்வாளர் ஒருவர், ஹமாஸின் பயிற்சி அத்திட்டத்தோடு ஒத்திருத்தலைச் சில மாதங்களின் முன்னரே சுட்டினார். அது கற்பனையென மேலதிகாரி ஒதுக்கினார். எல்லையிற் கண்காணித்த இளம் பெண்படையினரும் தாம் கண்டவற்றைச் சொல்லியிருந்தனர். ஹமாஸ் அடங்கிவிட்டது, பெரும்போரை விரும்பாது என்னும் எண்ணமே மேலோரிடம் ஆட்சி செய்தது என்பதைப் படையின் விசாரணை 2025 பெப்ரவரியில் ஒப்புக்கொண்டது. அமானின் தலைவர் அஹரொன் ஹலிவா 2024 ஏப்ரலிலேயே பதவி விலகலை அறிவித்திருந்தார்.

மறுதலை கூறும் அணி அப்போதும் இருந்தது. எழுதும் உரிமையும் இருந்தது. தடை கூறுவாரை அமைத்தல் எளிது. அத்தடையால் தன் முடிபை மாற்றிக்கொள்ளும் உள்ளத்தை அமைத்தல் அரிது.

ஒற்றாடல் அதிகாரம் இங்கு நுட்பமான விதியொன்று தருகின்றது. ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆளவேண்டும். அவ்வாறு மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்பது அது. ஒருவரையொருவர் அறியாமை என்னும் நிபந்தனையை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஒரே தலைவரின் கருத்தை முன்னரே அறிந்த மூவர் ஒத்துரைத்தால், அது மூவர் சொல்லாகாது; ஒருவர் சொல்லின் எதிரொலி மூன்று. 1973 இலும் 2023 இலும் மேலே கேட்டது அவ்வெதிரொலியே.

சிமன் தொவ்வின் குறிப்பு சில தாள்களே. எதிரொலியில் அடங்காத குரல்களுள் அது ஒன்று எனலாம். அது சென்றடைய வேண்டிய மேசைக்கு உரிய நாளிற் சென்றிருப்பின் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பர் என்று கணக்கிட ஒருவராலும் இயலாது. வகுப்பிலும் அவையிலும், கடைசி வரிசையிலிருந்து எழும் 'ஐயா, இப்பாடலுக்கு இவ்வாறும் பொருள் கொள்ளலாமோ?' என்னும் குரலை அமர்த்திவிட முற்படும்போது, நாம் அத்தாள்களை நினைத்தல் நன்று.