திருத்தலத்து மண்ணும் பூணும் அணியும்

தாம் கண்டுவந்த ஊரினின்று ஒரு பிடி மண்ணையோ ஒரு சிறு கல்லையோ கொணர்ந்து போற்றிவைத்தல் எந்நாட்டு மக்கட்கும் உரிய இயல்பாம். அம்மண் பரிசுத்தமென்று கருதப்படும் ஓரிடத்ததாயின், அதனைப் பெட்டியில் மூடிவைப்பதோடு அமையாது, மோதிரத்திலும் பதக்கத்திலும் அடக்கி உடலிற் பூணவும் அவர்கள் விழைவர். எருசலேம் நகரக் கடைவீதிகளில் அந்நாட்டு மண்ணை உள்ளடக்கிய பதக்கங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. இஃது இக்கால வணிகர் புதிதாய்க் கண்ட உபாயமன்று. ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பழமையுடையது. இதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

மக்ரீனா என்னும் துறவி அம்மையார் 379ஆம் ஆண்டளவில் காலமானார். அவர்தம் உடலை அடக்கத்திற்கு ஒழுங்குசெய்த வெஸ்தியானா என்பவர், அம்மையார் கழுத்தில் மெல்லிய கயிற்றிற் கோத்த இருப்புச் சிலுவையொன்றும் இருப்பு மோதிரமொன்றும் இருக்கக் கண்டார். மோதிரத்தின் முத்திரைக்கடியிற் குடைந்த சிறு குழியில் கிறிஸ்துவின் திருச்சிலுவை மரத்துணுக்கு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உடன்பிறந்தவராகிய நீசா நகரத்து அத்தியட்சர் கிரெகோரியார் சிலுவையை அப்பெண்மணிக்கு ஈந்து, மோதிரத்தைத் தாம் எடுத்துக்கொண்டனர். பொன்னும் மணியுமின்றி இரும்பினாலேயே அவ்வணி ஆக்கப்பட்டிருந்தமை நம் சிந்தைக்குரியது. சில ஆண்டுகட்குள்ளாகவே நிலைமை மாறிற்று. ஆடவரும் பெண்டிரும் அம்மரத்துணுக்கைப் பொன்னிற் பதித்துக் கழுத்தில் அணிந்தமையைக் கிறிசோஸ்தம் என்னும் பேராசிரியர் எழுதியிருக்கின்றனர்.

வேண்டுவோர் பலராகவும் பொருள் ஒன்றாகவும் இருந்தால் விளைவு யாதாகும்? 381 முதல் 384 வரை எருசலேமில் தங்கிய எகேரியா என்னும் யாத்திரிகப் பெண்மணி இதற்கு விடை தருகின்றார். பெரிய வெள்ளியன்று மக்கள் வரிசையாய் வந்து குனிந்து சிலுவை மரத்தை முத்தமிடுங்கால், உதவிக்குருமார் அதனைச் சூழ நின்று காத்தனராம். முன்னொருகால் ஒருவன் முத்தமிடுவான்போற் குனிந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டானென்பதே காரணம். பக்தியும் களவும் ஒரே வாயினுள் அடங்கிய விந்தை இது!

ஆகவே, மூலப்பொருளைக் குறைக்காமலே வந்தோர் அனைவரையும் மகிழ்விக்கும் வழியொன்று வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 570ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பியாசென்சா ஊர் யாத்திரிகர் அவ்வழியை விளக்குகின்றார். வெளியிலிருந்து மண்ணைக் கொணர்ந்து கல்லறைக்குள் இடுவர். உள்ளே புகுவோர் அம்மண்ணிற் சிறிது எடுத்துச் செல்வர். சிறு குப்பிகளில் எண்ணெய் நிரப்பி, அவற்றின் வாய் சிலுவை மரத்தைத் தொடுமாறு பிடித்து ஆசிபெறுவதும் உண்டு. வெளிமண்ணை உள்ளே வைத்துக் கொடுப்பது வஞ்சனையன்றோ எனச் சிலர் வினவலாம். நமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. எவரும் அதனை மறைத்ததாகத் தெரியவில்லை. யாத்திரிகர் கண்டறிந்தே எழுதிவைத்தார். பெற்றோர் நாடியதும் பழம்பொருளையன்று, அவ்விடத்தின் தொடர்பையே. ஒவ்வொருவரும் பாறையையே பெயர்த்துச் சென்றிருப்பின் கல்லறை எஞ்சியிராது.

அக்குப்பிகளுட் சில இன்றும் உள்ளன. இத்தாலி நாட்டு மொன்சா பேராலயத்திலும் பொப்பியோ மடத்திலும் அவை காக்கப்பட்டு வருகின்றன. வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கி, கல்லிற் செதுக்கிய அச்சுக்களில் வார்க்கப்பட்டவை. உள்ளங்கையில் அடங்கும் தட்டை வடிவின. கயிறிட்டுக் கழுத்தில் தொங்கவிடத் தக்கன. புனித தலங்களின் எண்ணெய் என்னும் பொருள்படக் கிரேக்க எழுத்துக்கள் சுற்றிலும் பொறிக்கப்பட்டுள்ளன. நடுவில், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பெண்கள் கல்லறையை நாடிவந்த காட்சி காணப்படும். அவர்கள் முன் நிற்பதோ வெறும் குகையன்று. தூண்களும் கிராதியும் கூரையும் உடைய ஒரு சிறு மண்டபம். கான்ஸ்தந்தீன் பேரரசன் காலத்தில் கல்லறைமேல் எழுப்பிய மண்டபத்தையே கைவினைஞன் வரைந்துவிட்டான். அம்மண்டபம் 1009ஆம் ஆண்டில் அல்-ஹாக்கிம் என்னும் காலிபின் ஆணையால் இடிக்கப்பட்டது. ஆதலின், அதன் உருவத்தை அறிய விழையும் ஆராய்ச்சியாளர்க்கு மலிவான இவ்வீயக் குப்பிகளே சிறந்த சான்றுகளாகின்றன. 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கல்லறையின் பளிங்குப் பலகையை நீக்கிப் பழுதுபார்த்தபோது, கீழிருந்த பழைய பலகையின் சாந்தைச் சோதித்தனர். அது 345ஆம் ஆண்டளவினதெனத் தெரிந்தது. இடித்தவர் முற்றும் அழித்திலர்.

உரோமாபுரியிலும் இத்தகைய வழக்கம் இருந்தது. பவுல் அப்போஸ்தலரின் தலையை அனுப்புமாறு பேரரசி கான்ஸ்தந்தீனா வேண்ட, 594ஆம் ஆண்டில் போப்பு முதலாம் கிரெகோரி மறுத்து, அவர் பூண்டிருந்த சங்கிலியினின்று அரத்தால் அராவிய தூளை அனுப்ப முயல்வதாக எழுதினார். சிலர் கேட்குங்கால் எவ்வளவு அராவினும் தூள் உதிராதென்றும் சேர்த்து எழுதினார். மறுப்பதற்கும் முன்னேற்பாடாக ஒரு காரணம் வைத்துக்கொண்டனரோ என நாம் புன்னகை செய்யலாம். பேதுருவின் சங்கிலித்தூளை உள்ளடக்கிய சிறு திறவுகோல்களை அவர் அரசர்க்கு அனுப்பிக் கழுத்தில் அணியச் சொன்னதும் உண்டு.

நம் மயிலாப்பூரும் இவ்வரலாற்றிற்குப் புறம்பன்று. தோமா அப்போஸ்தலர் கொலையுண்ட இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர் எடுத்துச்சென்று காய்ச்சலுற்றோர்க்கு மருந்தாகக் கொடுத்தனர் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ கூறுகின்றார்.

இத்தகைய பொருளைப் பெற்றவர் எல்லாரும் அதனை எக்காலும் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பியதில்லை. வட ஆப்பிரிக்காவில் எஸ்பெரியுஸ் என்பவர், நண்பரொருவர் கொடுத்த எருசலேம் மண்ணைத் தீங்கு அணுகாதிருக்கத் தம் படுக்கையறையில் தொங்கவிட்டிருந்தார். வீட்டைப் பற்றிய தொல்லை நீங்கியபின், அத்தகைய பொருளை அவ்வறையில் வைத்திருக்க அவருடைய மனம் துணியவில்லை. அகஸ்தீனாரும் மற்றோர் அத்தியட்சரும் அண்மையில் வந்திருப்பதறிந்து, அவர்களை அழைத்து, அம்மண்ணை எங்கேனும் புதைத்து, அவ்விடத்தில் ஊரார் கூடி ஜெபிக்க வழிசெய்யுமாறு வேண்டினார். அவர்களும் இசைந்து அவ்வாறே செய்தனர்.