இட்லித் துணிக்கு ஏன் பழைய வேட்டி?

எங்கள் வீட்டில் இட்லித் துணி என்றால் அப்பாவின் பழைய வேட்டிதான். நைந்துபோன வேட்டியை அம்மா சதுரமாகக் கிழித்து, கொதிநீரில் அலசிக் காயவைத்து எடுத்துவைப்பார். பொங்கல் கழிந்து அப்படிக் கிழித்த ஒரு வேட்டி காலை வாரிவிட்டது. ஈடு வெந்து, துணியைத் தட்டில் கவிழ்த்தால் இட்லியின் பாதி துணியோடு வந்தது. மேலே தண்ணீர் தெளித்தார். வழக்கமாகத் துணி அதைக் குடித்து இட்லியை விடும். அன்று தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நூல் வேட்டியே இல்லக்கா, பாலியஸ்டரு" என்றார்.

புதுச்சேரியில் இப்போது எந்தத் துணிக்கடை வாசலிலும் காதில் விழும் முதல் கேள்வி, "பியூர் காட்டனா?" நேரு வீதிக் கடைகளில் கேட்கிறார்கள், சண்டே மார்க்கெட்டில் குவியலைக் கிளறிக்கொண்டே கேட்கிறார்கள், கடற்கரைப் பக்கத்து வெள்ளை வீதிகளில் கைத்தறிச் சட்டை விற்கும் சின்னக் கடைகளிலும் கேட்கிறார்கள். விலை கூட என்றாலும் வாங்குகிறார்கள். பருத்தி உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி நல்லது என்பதற்கான விடை அடுப்படியிலேயே இருக்கிறது.

இட்லியைச் சாம்பாரில் போட்டால் உறிஞ்சிக்கொள்கிறது. அதே சாம்பாரை எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் மேலே நிற்கிறது. பருத்தி இட்லியின் கட்சி, பாலியஸ்டர் தட்டின் கட்சி. உலர்ந்த 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றில் சும்மா கிடக்கும்போதே ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது.

காரணம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. சோற்று மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது குளுக்கோஸ். பருத்தி இழையை உடைத்தாலும் அதே குளுக்கோஸ்தான். ஒன்றில் கண்ணிகள் ஒரு வாகில் கோத்திருக்கின்றன, மற்றதில் வேறு வாகில். அந்தச் சிறு வேறுபாட்டால் சோறு நமக்குச் செரிக்கிறது, துணி செரிப்பதில்லை. (தெருவில் மாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். காகிதமும் பருத்தியின் இனம். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அந்தக் கண்ணிகளை அவிழ்க்கத் தெரியும்.) இரண்டு சங்கிலிகளிலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் கைகள் நிறைய. பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் பாலியஸ்டரில் அந்தக் கைகள் இல்லை.

அம்மா வேட்டிக்குக் கஞ்சி போடுவதன் சூட்சுமமும் இதுதான். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கினால் வேட்டி மொடமொடவென்று நிற்கிறது. சோறும் நூலும் ஒரே குடும்பம், அதனால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தறியில் ஏற்றுமுன் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி தோய்ப்பதும் இந்த உறவை நம்பித்தான். பாலியஸ்டர் வேட்டியில் கஞ்சி பொருக்காகக் காய்ந்து உதிரும்.

இனி வியர்வை. சமையலறை மூலையில் மண்பானை இருந்தால் தொட்டுப் பாருங்கள். வெளிப்புறம் சில்லென்று ஈரமாக இருக்கும். உள்ளிருந்து கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மெல்லிய பருத்திச் சட்டை உடம்பின் மேல் போர்த்திய பானை. வியர்வையை முதுகிலிருந்து இழுத்து, பரப்பி, காற்றுக்குக் கொடுக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடலோர ஊரில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் பானைத் தண்ணீர் குளிராது, தடித்த பருத்திச் சட்டையும் காயாமல் முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நம் ஊருக்குப் பருத்தி என்று மட்டும் பார்த்தால் போதாது. இழை மெலிந்திருக்க வேண்டும், நெசவு கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும், உடை உடம்பைக் கவ்வக் கூடாது. கைலியும் நைந்த வேட்டியும் சுகமாக இருப்பது இதனால்தான். பருத்தியிலேயே நெய்த ஜீன்ஸ் மே மாதத்தில் வதைப்பதும் இதனால்தான்.

இந்த ஊருக்கும் பருத்திக்கும் உள்ள பழைய உறவு நீல நிறத்தில் இருக்கிறது. அவுரியில் தோய்த்த கினி என்ற நீலத்துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அது துணியாகவும் பணமாகவும் இருந்தது. கினியைக் கொடுத்து, நம் கருவேலம் பிசினுக்கு உறவான பிசினைப் பிரெஞ்சு வணிகர்கள் வாங்கினார்கள். பிரான்ஸின் ரூவான் நகரத்தில் அதைப் போலவே நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். செனகல் ஆற்றங்கரையில் அது எடுபடவில்லை. தொட்டும் முகர்ந்தும் அசல் துணியை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அந்த வாசனை புளித்த மாவின் உறவு. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது, கரையாத சாயம் நூலுக்குள் போகாது. நம் சாயக்காரர்கள் என்ன செய்தார்கள்? தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்புத் தெளிவோடு நீலத்தைத் தாழியில் போட்டு மூடிப் புளிக்கவிட்டார்கள், இட்லி மாவை இரவில் மூடி வைப்பது போலவே. மாவைப் போலவே தாழிக்கும் கதகதப்பு வேண்டும், குளிரில் அது மந்தமாகிவிடும். உள்ளே பெருகும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தீர்த்து நீலத்தின் உருவை மாற்றுகின்றன. இப்போது அது கரைகிறது, நிறமோ மஞ்சள் கலந்த பச்சை. அதில் தோய்த்த துணி வெளியே வரும்போது பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகத் திரும்பும். நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பது போன்ற வேலை இது. நீலம் மறுபடி கரையாத உருவத்துக்கு வந்து நூலுக்குள் மாட்டிக்கொள்கிறது. அடர்ந்த நீலம் வேண்டுமென்றால் பல முறை முக்க வேண்டும். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியதும் இந்தத் தாழிகள் ஒவ்வொன்றாக வறண்டன. ஆனால் முற்றிலும் போய்விடவில்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, ஆரோவில்லில் தாழியைப் புளிக்கவைத்தே நீலம் ஏற்றுகிறார்கள்.

நூற்பும் நெசவும் இந்த ஊரின் உழைப்பாகவும் இருந்தன. ரோடியர், சவானா, பாரதி என்ற மூன்று ஆலைகளின் சங்குக்குப் புதுச்சேரி எழுந்தது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும். ரோடியரின் வாரிசான ஏஎஃப்டி ஆலை 2020இல் மூடப்பட்டது. இன்று இதே ஊரில் பருத்திக்கு இத்தனை ஆசை பெருகியிருக்கும்போது, நூற்ற கைகள் வேலையின்றி நின்றதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வேட்டி கெடுத்த இட்லிக்குப் பிறகு அம்மாவோடு நானும் துணிக்கடைக்குப் போனேன். வெள்ளைத் துணியை எடுத்துப் போட்ட தம்பி, "சுத்தமான நூல்தாம்மா" என்றார். அம்மா விரலை நனைத்து வைத்தார். ஈரம் சட்டென்று பரவவில்லை. "புதுத்துணிம்மா, கஞ்சி இருக்கும், ஒரு அலசு அலசணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். பாலியஸ்டராக இருந்தால் அடுப்பருகே வைத்த பிளாஸ்டிக் கவர் மாதிரிச் சுருண்டு, உருகி, கெட்டி மணியாகத் திரண்டிருக்கும். இது நின்று எரிந்தது. காகிதம் எரிந்த வாசனை வந்தது. மிஞ்சிய சாம்பலை அம்மா இரண்டு விரலால் நசுக்கினார், பொடியாகப் பறந்தது.

"ரெண்டு மீட்டர் கிழிச்சிக் குடு தம்பி" என்றார்.