எண்ணெய் குறைந்தது, உப்பு குறைந்ததா?

இதய நோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நாளில் பலர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "மீன் சாப்பிடலாமா, டாக்டர்?" என்பதே. "தாராளமாக உண்ணலாம், பொரிக்க மட்டும் வேண்டாம்" என்று விடையளித்து அனுப்புவது எங்கள் வழக்கம். அவ்விடை போதாது என்பதை ஒரு நோயாளி எங்களுக்கு உணர்த்தினார்.

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று நலமுடன் திரும்பியிருந்த அவர், மூன்றே வாரங்களில் கால்வீக்கத்துடனும் மூச்சுத்திணறலுடனும் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். மாத்திரைகளை ஒருவேளையும் தவறவிட்டதில்லை. "நீங்க சொன்னபடி ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சேர்க்கலையே, டாக்டர்" என்று அவருடைய மனைவி கண்கலங்கினார். மகன் வாங்கித் தந்த ஏர் ஃப்ரையரில், ரொட்டித்தூள் பூசி உறையவைத்து விற்கப்படும் மீன் துண்டுகளை அவர் நாள்தோறும் சுட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தபோது காரணம் விளங்கியது. உப்பு மிகுதி. அவர்மீது பிழையில்லை, எண்ணெயைப் பற்றி எச்சரித்த நாங்கள், உப்பைப் பற்றி அழுத்திச் சொல்லத் தவறிவிட்டோம். அக்குறையை நிரப்பவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கருவி செய்வதும் செய்யாததும்

2010-ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பின் பரவலான ஏர் ஃப்ரையர், உண்மையில் பொரிக்கும் கருவியன்று. விசிறி பொருத்திய ஒரு சிறிய அடுப்பு. சூடான காற்று விரைந்து சுழன்று உணவின் மேற்பரப்பு ஈரத்தை உலர்த்துவதால் மொறுமொறுப்பு உண்டாகிறது. எண்ணெயில் மூழ்கிப் பொரியும்போது ரொட்டித்தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி தருவது. அதனைத் தவிர்ப்பது நன்மையே. ஒருமுறை காய்ச்சிய எண்ணெயை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் தீமையும் இதனால் நீங்குகிறது. ஆயினும் உணவில் ஏற்கெனவே கலந்துள்ள உப்பை எந்தக் கருவியாலும் அகற்ற இயலாது. ஆகவேதான், பூச்சை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்கிறோம்.

இருவருக்கான செய்முறை

முள் நீக்கிய கொடுவா அல்லது வஞ்சிரம் 250 கிராம் எடுத்து, ஒரு விரல் பருமனுள்ள துண்டுகளாக்குங்கள். கழுவியபின் ஈரத்தைத் துணியால் நன்கு ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் பூச்சு உதிரும். எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைத் தடவிப் பதினைந்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கடையில் வாங்கும் மீன் வறுவல் மசாலாவிலும் இஞ்சி பூண்டு விழுதிலும் பெரும்பாலும் உப்பு கலந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள்.

இரண்டு கோதுமை ரொட்டித் துண்டுகளை உலர வாட்டிப் பொடித்துக்கொள்ளுங்கள். அப்பொடியை ஒரு தேக்கரண்டி எண்ணெயுடன் வாணலியில் இளம்பொன்னிறமாக வறுத்தெடுங்கள். இப்படியைத் தாண்டிச் சென்றால் ரொட்டித்தூள் வெளிறியே நிற்கும். மீனோ அதிகம் வெந்து வறண்டுவிடும். துண்டுகளை அடித்த முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்து, பொடியில் புரட்டி, உள்ளங்கையால் அழுத்துங்கள். 200 டிகிரி செல்சியசில் முன்சூடாக்கிய கருவியில், ஒன்றையொன்று தொடாதவாறு ஒரே அடுக்காகப் பரப்பி, எட்டு முதல் பத்து நிமிடம் வேகவையுங்கள்; நடுவில் ஒருமுறை திருப்புங்கள். முள்கரண்டியால் தொட்டதும் சதை இதழிதழாகப் பிரிந்து, நடுப்பகுதியும் வெண்மையாகத் தோன்றினால் வெந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி இருப்பின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்ட வேண்டும்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

வயதுவந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேற்கண்ட கால் தேக்கரண்டி ஏறத்தாழ 1.5 கிராம், ரொட்டியிலும் சிறிது உப்பு உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அந்தக் கால் தேக்கரண்டியையும் விடுத்து, எலுமிச்சை, மிளகு, சீரகம் ஆகியவற்றின் சுவையால் ஈடுசெய்யலாம். மீன் உண்ணும் வேளையில் அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவனவற்றில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிகளும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது. சிறுநீரக நோயாளிகளுக்கு மீனின் அளவையும் உணவியல் நிபுணரே வரையறுக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் ரொட்டித்தூளும் மாவுச்சத்தே என்பதை மறவாமல், சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்திற்குப்பின் விழுங்குவதில் இடர் உள்ளவர்களுக்கு மொறுமொறுப்பான தூள் புரையேறச் செய்யும்; அவர்களுக்கான உணவின் பக்குவத்தை விழுங்கல் பயிற்சி அளிப்பவரிடம் கேட்டறியுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அரைவேக்காடு ஆபத்து. பச்சை மீன் தொட்ட பலகை, கத்தி, கைகள் ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவியபின்னரே வேறு உணவைத் தொடுங்கள்.

கருவி இல்லாதவர்களுக்கு

இதற்காக எவரும் கடன்பட்டுக் கருவி வாங்க வேண்டியதில்லை. இதே துண்டுகளைத் தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மூடி வேகவைத்தாலும் நற்பயன் கிட்டும். எண்ணெய் மிதக்காத மீன் குழம்பும் வாழையிலையில் வெந்த மத்தியும் நல்லுணவே. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற விலை குறைந்த மீன்களில் ஒமேகா-3 கொழுப்பமிலம் மிகுதி. வாரம் இருமுறை மீன் உண்பது பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு உகந்தது.

மேலே சொன்ன நோயாளி இரண்டாம் முறை வீடு திரும்பியபோது, மருந்துச் சீட்டுடன் இச்செய்முறையையும் எழுதிக் கொடுத்தோம். அடுத்த பரிசோதனைக்கு வந்தவரிடம் கால்வீக்கம் இல்லை, எடையும் ஏறவில்லை. "உப்பில்லாமலும் மீன் மீனாத்தான் இருக்கு, டாக்டர்" என்றார் அவர். அன்றிலிருந்து, மீன் உண்ணலாமா என்று கேட்போரிடம், வீட்டில் சமைப்பவர் யார் என்று கேட்டு, அவரையும் அழைத்து அமரவைத்துப் பேசுகிறோம். அடுத்த முறை நீங்கள் வரும்போது, உங்களுக்குச் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.