வால்வு வாங்கும்போது உச்சியைப் பாருங்கள்

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ கிடக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. அது செய்த இஎல்84 வால்வு உள்ளே இருக்கலாம். பெயர்பெற்ற வாக்ஸ் ஏசி30 கிடார் ஆம்ப்ளிஃபயரிலும் இதே வகைதான், நான்கு வால்வுகள்.

இன்று கிடார்காரர்கள் வாங்கும் புது வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்தே வருகின்றன. 2022-இல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டதும் உலகெங்கும் தட்டுப்பாடு, விலையேற்றம். நம் நாட்டுப் பழைய வால்வுக்கு மதிப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய வால்வு வாங்கும்போது அதன் கண்ணாடியின் உச்சியைக் கவனியுங்கள். அங்கே பளபளக்கும் பேரியப் பூச்சு, உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சி வெற்றிடத்தைக் காக்கிறது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு செத்தது. வால்வின் அடியில் கடற்காற்றில் கறுத்த ஊசிகளையோ துடைத்துச் சரிசெய்யலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியைத் திறக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.